பெட்டி மட்டும்

“பெட்டி தனியா வந்துடும்டி. நாம பாட்டுக்குத் தனியாப் போயிடலாம்.”

இதைத்தாம்மா நான் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் காய்ந்த வேட்டியை எடுக்கப் போனேன். கொடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு போர்வை. அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, வீட்டுக்காரி போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டு பெட்டி, தனி, போயிடலாம் என்று பேசினால் நீயாக இருந்தால் என்ன நினைப்பாய்?

காலைக் கொஞ்சம் இப்படி வைத்துக்கொள்ளம்மா. உன் சீட்டுப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சக்கரம் வைத்த பெட்டி உருளும். மாயவரத்தில் பஸ் கிளம்பியபோதே ஒரு தடவை டிரைவர் வரைக்கும் போய்விட்டு வந்தது. மூன்று பெட்டியும் என்னுடையது இல்லை. என் பொறுப்பு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையா என்று கேட்டு மோர் கரைத்துக் கொடுத்தாள். விட்டுவிட்டுப் போகிறவள் மோர் கொடுப்பாளா? கொடுத்தாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

“எங்க போற?”

“பள்ளிக்கூடத்துக்கு.”

“அது இல்லை. பெட்டியோட.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சைக்கிள்.

என் மனைவி பெயர் மங்கையர்க்கரசி. கும்பகோணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஜியாக்ரபி டீச்சர். கூடவே இரண்டு டீச்சர்கள், ஜெயசீலி கணக்கு, மெஹருன்னிசா பி.டி. மூன்று பேரும் ஒரே சாப்பாட்டு டப்பாவில் பங்கு போட்டுச் சாப்பிடுகிற சிநேகம். இதில் மெஹருன்னிசா தினமும் சைக்கிளில் வருகிறவள். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, மைதானத்தில் வைத்து மற்ற இரண்டு பேருக்கும் சைக்கிள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது! ஒரு நாள் மங்கை முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். என்னவென்று கேட்டதற்கு வாசல் படியில் தடுக்கிவிட்டது என்றாள். நான் ஆளைக் கூட்டிவந்து படிக்கு சிமென்ட் பூசினேன். அதற்கு அடுத்த வாரம் முழங்கையில். மறுபடியும் பூசினேன். எங்கள் தெருவிலேயே நல்ல படி எங்கள் வீட்டுப் படிதான் இப்போது.

சரி, ஓட்டட்டும். நான் தடுக்கிற ஆள் இல்லை. எங்கே ஓட்டுவது என்றுதானே கேள்வி? காலாண்டு லீவில் மூன்று பேரும் காவிரிக் கரையோடு கும்பகோணத்தில் கிளம்பி, கடல் வரைக்கும் போகப் போகிறார்களாம். புதுச்சேரியில் இதற்கு ஒரு கம்பெனி இருக்கிறது. சைக்கிள் கொடுப்பான், போனில் வழி கொடுப்பான், தங்க ரூம் போட்டுக் கொடுப்பான். பெட்டியை மட்டும் காலையில் வேனில் ஏற்றி அடுத்த ஊர் லாட்ஜில் கொண்டுபோய் வைத்துவிடுவான். கூட யாரும் வர மாட்டார்கள்.

யாரும் வர மாட்டார்களா? நான் அந்தக் கம்பெனிக்கே போன் போட்டேன். சின்னப் பையன் குரல்.

“வழி காட்ட யார் வருவாங்க தம்பி?”

“யாரும் வர மாட்டாங்க சார். அதுதான் சார் இது.”

“தப்பான ரோட்டுல போயிட்டா?”

“திரும்பி வரலாம் சார். சில பேருக்கு அதுதான் சார் பிடிக்குது.”

தப்பாகப் போவதற்கு ஒரு கம்பெனி! நான் யார் தெரியுமா? கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து போன வருஷம்தான் ரிடையர் ஆனேன். என் காலத்தில் ஒரு பஸ் ஒரு தெரு மாறிப் போனால் டிரைவர் என் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். என்னிடம் போய் தப்பாப் போறது பிடிக்கும் என்கிறான்.

மங்கையிடம் பொறுமையாகத்தான் சொன்னேன்.

“பூம்புகார்தானே போகணும்? நான் ரெண்டு தடவை கூட்டிட்டுப் போயிருக்கேனே.”

“போயிருக்கீங்க. ஆறு கடல்ல சேர்ற இடத்தைப் பார்த்தோமா?”

“கடல்லதான் சேரும். வேற எங்க சேரும்?”

“பார்த்தோமான்னு கேட்டேன்.”

“பார்க்க என்ன இருக்கு? தண்ணியில தண்ணி விழுது. அதைப் பார்த்துட்டு நின்னா திரும்பற பஸ்ஸை விட்டிருப்போம்.”

அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கட்டு முழுக்க ஆய்ந்தாள். அப்புறம் சொன்னாள், “வருஷா வருஷம் போர்டுல டெல்டா வரையறேன். குடகுல ஆரம்பிச்சு கல்லணை, கும்பகோணம், மாயவரம் எல்லாம் சரியா வந்துடும். கடைசியில மட்டும் கோட்டை அப்படியே இழுத்து விட்டுட்டு கடல்னு எழுதிடறேன். எப்படி இருக்கும்னே தெரியாம எழுதறேங்க. ஒரு தடவையாவது ஆத்தை விட்டு விலகாம அது கூடவே போய் அந்த இடத்துல நிக்கணும்.”

“நல்லாத்தானே வரையற” என்றேன். பாராட்டித்தான் சொன்னேன். அவள் அடுத்த கட்டுக் கீரையை எடுத்தாள். பாராட்டினால் இரட்டிப்பு வேலை செய்வாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். திட்டம் நல்ல திட்டம்தான், கொஞ்சம் திருத்தினால் போதும். முதலில் வேன். முன்னே பின்னே தெரியாதவன் கையில் மூன்று பெண்களின் பெட்டி! இந்த ஜில்லாவில் எந்த டவுன் பஸ் எந்த வளைவில் திரும்பும் என்று எனக்குத் தெரியும். நான் ஒருத்தன் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போது வேன் எதற்கு? மூன்று பேரும் எங்கள் வீட்டில் மேப்பைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கு, நானே காபி போட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சொன்னேன்.

“வேன் வேண்டாம்னு சொல்லிடுங்க. பெட்டி என் பொறுப்பு.”

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷம்தான். ஜெயசீலிதான் வாய்த்துடுக்கு. “சார், போர்ட்டர் சட்டை நாங்க வாங்கித் தரணுமா, உங்ககிட்டயே இருக்கா?” என்றாள். எல்லோரும் சிரித்தோம். மங்கை மட்டும் மேப்பை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“சரி. ஆனா பெட்டி மட்டும். காலையில எடுங்க, லாட்ஜ்ல வைங்க, போயிடுங்க. எங்களுக்காக வேற எதுவும் பண்ணக் கூடாது.”

“வேற என்ன பண்ணப் போறேன்?”

“அதுதான் எனக்கும் பயமா இருக்கு” என்றாள்.

பார்த்தாயா, என்மேல் எவ்வளவு அக்கறை. அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வேனோ என்று பயம்.

நானும் வேறு எதுவும் பண்ணவில்லை. சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். நீயே சொல்லும்மா, குத்தாலத்தில் என் அக்கா தனலட்சுமி இருக்கிறாள். அவள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஆற்றங்கரை. தம்பி பெண்டாட்டி அந்த வழியாகப் போய்விட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிந்தால், நாளைக்கு ஒரு கல்யாணத்தில் நான் எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவேன்? வருகிறார்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. அந்தப் பக்கமாகப் போகிறார்கள் என்றேன். அக்காவே புரிந்துகொண்டாள்.

நேற்றுதான் கிளம்பினார்கள். எங்கள் அத்தான், அக்கா வீட்டுக்காரர், காலையிலிருந்தே பாலத்தடியில் மொபெட்டோடு நின்றிருக்கிறார். மூன்று சைக்கிளும் வந்ததும் கையைக் காட்டி மடக்கிவிட்டார். இவர்கள் முன்னால் அவர் மொபெட், ஹாரன் அடித்துக்கொண்டே வீடு வரைக்கும். தெருவே வெளியே வந்து பார்த்ததாம். அக்கா வீட்டில் வடை, பாயசம், இரண்டு கறி, அப்பளம். சாப்பிட்டதும் உடனே வெயிலில் போகக் கூடாது என்று பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டாள். எழுந்ததும் பக்கத்து வீட்டில் காபி. பக்கத்து வீட்டில் குடித்துவிட்டு எதிர் வீட்டில் குடிக்காமல் வர முடியுமா? கிளம்பும்போது மூன்று பேருக்கும் வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, ஆளுக்கு இரண்டு தேங்காய். எனக்கு வேண்டாங்க அக்கா என்று மெஹருன்னிசா கூச்சப்பட்டிருக்கிறாள். எங்கள் அக்கா விடுவாளா? “அதெல்லாம் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பொம்பளைப் புள்ள வெறுங்கையோட போகக் கூடாது” என்று தேங்காயை ஹேண்டிலில் கட்டியே அனுப்பிவிட்டாள். அந்தப் பையில் இருக்கிறது பார், ஆறும் அதுதான். நீ ஒன்று எடுத்துக்கொள்கிறாயா? வெட்கப்படாதே.

அப்புறம் எங்கே ஆற்றங்கரை? இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று மெயின் ரோட்டிலேயே மிதித்து மாயவரம் வந்து சேர்ந்தார்கள். நான் மத்தியானமே வந்து பெட்டிகளை ரூமில் வைத்துவிட்டு, லாட்ஜ் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மங்கை சைக்கிளை நிறுத்தினாள். “நீங்க இன்னும் போகலையா?”

“சாவியைக் கையில கொடுத்துட்டுப் போகலாம்னு...”

“சாவி ரிசப்ஷன்ல இருக்கும்.” வாங்கிக்கொண்டாள். தேங்காயை அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள். “நாளைக்கு யாரு?”

“நாளைக்கா? செம்பனார்கோயில்ல கருணா. விரால் மீன் குழம்பு வைக்கிறாங்களாம், உனக்குப் பிடிக்குமேன்னு.”

“அப்புறம்?”

“மேலையூர்ல சுந்தரம் மாமா. அங்க சாப்பாடெல்லாம் இல்லை, வெறும் டிபன்.”

சைக்கிளைப் பூட்டினாள். மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். சைக்கிள் மிதித்த களைப்பு.

இன்றைக்குக் காலையில் பெட்டி எடுக்கப் போனேன். மங்கை குளித்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலிதான் கதவைத் திறந்தாள். “சார், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? நேத்து நாங்க காவிரியைப் பார்த்ததை விட அப்பளத்தைப் பார்த்ததுதான் அதிகம்.” நல்ல நகைச்சுவை அவளுக்கு. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“மங்கை ராத்திரி என்ன சொன்னா தெரியுமா சார்? இதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம், காலையில பஸ் ஏறித் திரும்பிடலாமான்னு கேட்டா. இன்னிக்கு ஒரு நாள் பார்ப்போம், இன்னிக்கும் இதே மாதிரின்னா விட்டுடலாம்னு சொல்லித்தான் தூங்க வெச்சோம்.”

எனக்குப் புரிந்துவிட்டது. உடம்பு வலிதான். பழக்கம் இல்லாத முழங்கால் இல்லையா? உடனே மருந்துக் கடைக்கு ஓடி வலித் தைலம் வாங்கி அவள் பெட்டியில் மேலாகவே வைத்திருக்கிறேன், திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி.

கண்டக்டர் வருகிறார், இரு. தம்பி, பாஸ். பெட்டிக்கா? பெட்டிக்குத்தான் மாயவரத்துலயே லக்கேஜ் டிக்கெட் போட்டீங்களே. சரி சரி. சின்னப் பையன், மறந்துவிட்டான்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், கருணா. கருணாகரன் என் சித்தப்பா மகன். செம்பனார்கோயிலில் ஹார்டுவேர் கடை. வியாபாரிகள் சங்கத்தில் செயலாளர், அதனால் எதையும் சும்மா செய்ய மாட்டான். அண்ணி சைக்கிளில் வருகிறார்கள் என்று சொன்னதும், “அண்ணே, போட்டோ இருந்தா அனுப்புங்க” என்றான். மெஹருன்னிசா ஸ்டேட்டஸில் மூன்று பேரும் மைதானத்தில் சைக்கிளோடு நிற்கிற படம் இருந்தது. அனுப்பினேன். பேனர் அடித்துவிட்டான்! முக்கூட்டு ரோட்டில் கட்டியிருக்கிறான். இங்கே பார், படம் அனுப்பியிருக்கிறான். ‘சாதனை மகளிரே வருக, வருக!’ கீழே கைகூப்பி நிற்கிறவன்தான் கருணா. ஆமாம், மூன்று பேரையும் சேர்த்தாலும் அவன்தான் பெரிதாக இருக்கிறான். அது அச்சடிக்கிறவன் செய்த வேலையாம். பொன்னாடை வாங்கி வைத்திருக்கிறான். சங்கத்து ஆட்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவார்களாம். மங்கைக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தால்தானே சந்தோஷமாக இருக்கும்?

ஏன் பஸ் நின்றுவிட்டது? பஞ்சரா?

வாத்து. அட, எவ்வளவு வாத்து பார். குறுவை அறுத்த வயலில் மேய விடுவதற்கு ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்தப் பக்கத்து வயலிலிருந்து அந்தப் பக்கத்து வயலுக்கு. முழுக்கத் தாண்டுகிற வரைக்கும் பஸ் நகர முடியாது. ஒன்றாவது அவசரப்படுகிறதா பார். டிரைவர் என்ஜினையே அணைத்துவிட்டார். என் காலத்தில் வாத்துக்கு என்று எந்த டைம் ஷீட்டிலும் இடம் விட்டதில்லை.

அது என்ன மணிச் சத்தம்?

அதோ! பின்னால் பாரம்மா, ஜன்னலுக்கு வெளியே. மஞ்சள் தொப்பி மெஹருன்னிசா. கடைசியில் வருகிறவள் ஜெயசீலி. நடுவில், நடுவில் வருகிறவள்தான். ஐயோ, ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டுகிறாளே! மங்கை, ஹேண்டிலைப் பிடி! கேட்கவில்லை. பாடிக்கொண்டு வருகிறார்கள். பாடுவது இவளா? வீட்டில் ஒரு நாள் பாடினதில்லையே.

நிறுத்திவிட்டார்கள். வாத்தைப் பார்த்துச் சிரிப்பதைப் பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கெட்டார்கள் போ. இரு, கூப்பிடுகிறேன்.

மங்கை! இங்க! ஜன்னல்ல! நேராப் போ, முக்குல கருணா நிக்கிறான். பேனர் வெச்சிருக்கான்! பேனர்! வா, காட்டறேன்.

பார்த்தாயா, இவள்தான். மங்கை, இந்தப் பொண்ணுகிட்ட உன்னைப் பத்தித்தான் சொல்லிட்டு வர்றேன். இந்தா, போனை நீயே பிடிச்சுப் பாரு.

பார்த்தாள். சிரித்தாள்! அவள் சொன்னது உனக்குக் கேட்டதா? “என் மூக்கு இவ்வளவு பெரிசாங்க?” என்கிறாள். கருணா தலை அதைவிடப் பெரிசு என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம், நீயே பார்த்தாய். நல்லவேளை, கோபம் இல்லை. அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “பெட்டி பத்திரமா?” என்றாள். பத்திரம் என்றேன். “அப்ப சரி” என்றாள். அவ்வளவுதான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஏம்மா, நீ பெண்பிள்ளை, உனக்குத் தெரியும். ‘அப்ப சரி’ என்றால் என்ன அர்த்தம்?

இப்போது யாரிடம் பேசுகிறாள்? வாத்துக்காரரிடம். அவர் கம்பை நீட்டி எதையோ காட்டுகிறார். வடக்கே. வடக்கே என்ன இருக்கிறது? வயல், மண் ரோடு, அதைத் தாண்டினால்...

ஆறு. ஆறு அங்கேதான் இருக்கிறது. இந்த ரோடு ஆற்றை விட்டு விலகித்தான் செம்பனார்கோயில் போகும். எத்தனை தடவை இதில் போயிருக்கிறேன், இது விலகிப் போகிறது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

வாத்து முடிந்தது. டிரைவர் ஸ்டார்ட் செய்துவிட்டார். அவர்களும் சைக்கிளைத் திருப்புகிறார்கள். மண் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். மங்கைதான் முன்னால் போகிறாள், பார். மேப்பைக்கூடப் பார்க்கவில்லை. ஹேண்டிலை ஆட்டாமல் எவ்வளவு நேராகப் போகிறாள். அந்தத் தென்னை மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் தெரியாது. இதோ, இன்னும் தெரிகிறது.

போன் அடிக்கிறது. கருணாதான். ஒரு நிமிஷம்மா.

சொல்லுடா. ஆமா, வந்துட்டேதான் இருக்கேன். அவங்களா? இல்லையே, கண்ணுல படலையே. பஸ்ல உட்கார்ந்திருக்கிற எனக்கு என்னடா தெரியும்? எந்த வழியாப் போனாங்கன்னு தெரியாதுடா. நிஜமாத்தான் சொல்றேன், தெரியாது. வேண்டாம், வண்டியை எடுக்காதே. தேடிக்கிட்டு யாரையும் அனுப்பாதே. மேலையூருக்கும் ஒரு போன் போட்டு, சுந்தரம் மாமாவை ரோட்டுல நிக்க வேண்டாம்னு சொல்லு. பேனரா? இருந்துட்டுப் போகட்டுமா? வேண்டாம்டா. ஏணியைப் போட்டு ஏறு. ஏறி அவிழ்த்துடு.